மை இல்லாத அச்சுப்பொறி

நாற்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வழங்கப்பட வேண்டிய நினைவுமலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. பழைய மாணவர்கள் கட்டுரைகள் அனுப்பினர். உறவினர் படங்கள் தந்தனர். அவற்றுள் ஒரு படத்தை நான் தனியே பேணி வைத்திருந்தேன். நண்பர் முதன்முதலிற் கற்பித்த வகுப்பு மாணவர்கள் மூன்று வரிசையில் நிற்க, முன்னே அவரும், அவர் பின்னர் மணம் புரிந்த ஆசிரியையும் அமர்ந்திருக்கும் பழுப்பேறிய நிழற்படம் அது. அந்த அம்மையாரின் இளமைக்காலப் படம் வேறொன்றும் அக்குடும்பத்தில் எஞ்சியிருக்கவில்லை. அடுத்தடுத்து வந்த இடப்பெயர்வுகளில் ஏனையவெல்லாம் போய்விட்டன.

மலர் குறித்த நாளில் வந்து சேர்ந்தது, முந்நூறு பிரதிகள். நண்பரின் மகள் ஒரு பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். தாயாரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்வுதான் இருந்தது. கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தை மெல்ல மூடிவிட்டு அடுத்தவருக்கு மலரைக் கொடுத்தார். அந்த மௌனத்தின் காரணமாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பிழை அச்சகத்தாருடையதன்று. அவர்கள் தமக்குக் கிடைத்ததை ஒழுங்காகவே அச்சிட்டனர். பிழை நான் அனுப்பிய பி.டி.எப். கோப்பில் இருந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னர், வெளிநாட்டிலுள்ள உறவினர் பார்த்துத் திருத்துவதற்காக மின்னஞ்சலில் ஒரு படி அனுப்ப வேண்டியிருந்தது. கோப்பு பெரிதாக இருந்தமையால், மென்பொருளில் மிகச் சிறிய அளவு என்ற பொருள்படும் அமைப்பைத் தெரிந்தெடுத்தேன். அந்த மென்பொருள் அத்தெரிவை மனத்தில் வைத்துக்கொண்டது. ஒரு வாரத்தின் பின் அச்சகத்துக்குரிய கோப்பைத் தயாரித்தபோதும் அதே அமைப்பையே பயன்படுத்தியது. ஒரு சொல் கேட்கவுமில்லை, எச்சரிக்கவுமில்லை.

நடந்தது என்னவென்று பின்னரே அறிந்தேன். ஐந்து அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் கொண்ட அப்படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நான் ஸ்கான் செய்திருந்தேன். அதாவது படத்தில் 18 இலட்சம் புள்ளிகள் இருந்தன. அந்த அமைப்பு அவற்றை அங்குலத்துக்கு 100 ஆகக் குறைத்தது. எஞ்சியவை 2 இலட்சம். ஒன்பதில் எட்டுப் பங்கு அழிந்து போயிற்று. சாதாரண கணினித் திரையும் அங்குலத்துக்கு ஏறத்தாழ நூறு புள்ளிகளையே காட்டுவதால், திரையிற் சரவை பார்த்த எனக்குப் படம் தெளிவாகவே தோன்றியது. கடதாசியில் ஏறிய பின்னரே இழப்பு வெளிப்பட்டது. கெட்டுப்போன கோப்பை எடுத்து உயர்ந்த அமைப்பில் மறுபடி பி.டி.எப். ஆக்கினாலும் பயனில்லை. எறிந்த புள்ளிகளை எந்த அமைப்பும் மீட்டுத் தராது.

இஃது என் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு நான் அமைதியடைந்திருக்கலாம். கவனக்குறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அதன்பின் பல மாதங்களாக இம்மென்பொருள்களின் அமைப்புப் பட்டியல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, என்னைப் போன்ற எவரும் இடறி விழும்படியாகவே பாதை போடப்பட்டிருக்கின்றது என்ற முடிவுக்கு வந்தேன். அம்முடிவை ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய அன்பர்களும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகின்றேன்.

பி.டி.எப். என்பது எதற்காகப் பிறந்தது? 1984இல் அடோப் நிறுவனம் போஸ்ட்ஸ்கிறிப்ட் என்னும் பக்க விவரண மொழியை வெளியிட்டது. அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விளக்கிச் சொல்லும் மொழி அது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜோன் வார்னொக், ஓர் ஆவணத்தை எந்தக் கணினியிலிருந்தும் அனுப்பி எந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் காணவும் அச்சிடவும் இயலவேண்டும் என்ற கருத்தை 1991இல் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். 1993இல் பி.டி.எப். வெளிவந்தது. 2008இல் அஃது உலகப் பொது நியமமாக ஏற்கப்பட்டது. எங்கும் ஒரே தோற்றம் என்பதே அதன் வாக்குறுதி. அவ்வாக்குறுதி பொய்யன்று. ஆனால், எந்தத் தோற்றம் நிலைபெறும் என்பது கோப்பு உருவாகும் கணத்திலே தீர்மானமாகின்றது. தவறாக உருவான கோப்பு எங்கும் ஒரே தவறாகவே தோன்றும்.

முதற் குழப்பம் வாயிலிலேயே தொடங்குகின்றது. கணினியில் அச்சுப்பொறிகளின் பட்டியலைத் திறந்தால், மேசையிலிருக்கும் அச்சுப்பொறியின் பெயரோடு பி.டி.எப். என்னும் அச்சுப்பொறியும் நிற்கும். 2015இல் வந்த விண்டோஸ் 10 இத்தகைய ஒன்றைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. அதற்கு மையில்லை, கடதாசியில்லை. ஆயினும் கடதாசியின் அளவு என்ன என்று கேட்கும். இதைவிட, அதே சொற்செயலியிற் கோப்பை நேரே பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வழியும் உண்டு. இரு வாயில்களும் ஒரே வீட்டுக்குத்தான் செல்கின்றன என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறன்று. அச்சிடும் வாயிலாற் சென்றால் இணைப்புகளும், தலைப்புகளைக் காட்டும் குறிகளும், பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் கருவி நம்பியிருக்கும் உள்ளமைப்பும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. சேமிக்கும் வாயிலாற் சென்றால் அவை தங்கக்கூடும். மேலும், ஒரு வாயிலிற் செய்த மாற்றத்தை மற்ற வாயில் அறியாது. அச்சிடும் வேளையில் தோன்றும் சாளரத்தில் ஒன்றைத் திருத்தினால் அது பெரும்பாலும் அந்த வேளைக்கு மட்டுமே. நிரந்தரமாகத் திருத்துவதற்குரிய இடம் வேறெங்கோ ஆழத்தில் இருக்கின்றது.

இரண்டாவது குழப்பம் பெயர்களில் உள்ளது. என் பெருங் குறையும் இங்கேதான். அடோப்பின் டிஸ்டிலர் மென்பொருளில் ஸ்மோலஸ்ட் பைல் சைஸ், ஸ்டாண்டர்ட், ஹை குவாலிற்றி பிறின்ற், பிறஸ் குவாலிற்றி என்று ஆயத்த அமைப்புகள் வரிசையாக நிற்கின்றன. வண்ணப் படங்களை முதலாவது அங்குலத்துக்கு 100 புள்ளிகளாகவும், இரண்டாவது 150 ஆகவும், ஏனைய இரண்டும் 300 ஆகவும் குறைக்கும் இயல்புடையன. ஸ்டாண்டர்ட் என்ற சொல்லைக் காணும் ஆசிரியர், இதுவே நியமமானது, பழுதில்லாதது என்று நம்புவார். ஆனால் இப்பட்டியலில் அது கடைசிக்கு முந்தியது. மைக்ரோசொப்ட் வேர்டிலோ இரண்டே தெரிவுகள். அங்கே ஸ்டாண்டர்ட் என்பது இரண்டிலும் மேலானது. ஒரே சொல் ஓரிடத்தில் உயர்வையும் மற்றோரிடத்தில் தாழ்வையும் குறிக்குமானால், அச்சொல்லை நம்பி என்ன செய்வது?

இலவச மென்பொருள்கள் பலவற்றுக்கு உள்ளியந்திரமாக விளங்கும் கோஸ்ட்ஸ்கிறிப்ட்டில் ஸ்கிறீன், ஈபுக், பிறின்டர், பிறீபிறஸ் என்னும் பெயர்கள். திரைக்கு 72 புள்ளிகள், மின்னூலுக்கு 150, அச்சுப்பொறிக்கும் அச்சகத்துக்கும் 300. பின்னிரண்டின் வேற்றுமை நிறங்களைக் கையாளும் முறையில் இருக்கின்றது. ஆனால் பெயரைப் பார்த்து அதனை யார் அறிவார்? பெயர்கள் யாவும் கோப்பு எங்கே போகின்றது என்று சொல்கின்றன. கோப்பு எதனை இழக்கின்றது என்று எப்பெயரும் சொல்வதில்லை.

இதனோடு புறொபைல் என்ற சொல்லும் சேர்ந்துகொள்கின்றது. சில மென்பொருள்களில் அது மேற்கூறிய ஆயத்த அமைப்புகளைக் குறிக்கும். அதே சாளரத்தின் மற்றொரு பக்கத்தில், ஒரு கருவி நிறங்களை எவ்வாறு வெளிப்படுத்தும் என்பதைக் கூறும் நிற விவரத்தைக் குறிக்கும். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளால் நிறங்காட்டுவது. அச்சகமோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறங்காட்டுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது துல்லியமான நீலம் ஊதாவாக மங்குவதுண்டு. அதற்கு வழிகாட்டுவதே நிற விவரம். இவ்விரு வேறு பொருள்களுக்கும் ஒரே பெயர் சூட்டியவர், பயன்படுத்துவோரை ஒரு கணமும் நினைத்துப் பார்த்திலர் போலும்.

ஆசிரியர்கள் தனியே கவனிக்க வேண்டியது கடதாசியின் அளவு. நாம் பயன்படுத்துவது ஏ4. 210 மில்லிமீற்றர் அகலம், 297 உயரம். அமெரிக்க நாட்டில் வழங்கும் லெற்றர் என்னும் தாள் ஏறத்தாழ 216க்கு 279. மென்பொருள்கள் சில லெற்றர் அளவையே இயல்பாகக் கொண்டு வருகின்றன. ஏ4 பக்கத்தை அந்த உயரத்துக்குள் பொருந்தச் செய்தால் எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்காகச் சுருங்கிவிடும். கட்டுரையாயின் எழுத்துச் சற்றே சிறுக்கும், அவ்வளவுதான். கணித வினாத்தாளாயின்? கோட்டின் நீளத்தை அளந்தெழுதுக என்று ஆசிரியர் 10 சென்ரிமீற்றருக்குக் கோடு வரைந்திருப்பார். மாணவன் கையிலுள்ள தாளில் அது 9.4 சென்ரிமீற்றர். சரியாக அளந்து 9.4 என்று எழுதிய பிள்ளை புள்ளியை இழக்கும். அளவாமல் முழு எண்ணை ஊகித்து எழுதிய பிள்ளை புள்ளி பெறும். நேர்மையாக அளந்த பிள்ளைக்கு இதனை எவ்வாறு விளக்குவது?

எழுத்துருவின் கதை தமிழருக்கே உரிய துன்பம். ஈழத்தில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவிலே தமிழ் என்ற சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கின்றது. பாமினியைக் கோப்பினுள் சேர்த்து வைக்காது பி.டி.எப். செய்தால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். சேர்த்து வைத்தாற் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. 1991 முதலே தமிழுக்கு இடந்தந்த யூனிக்கோட் முறையில் எழுதினாலும், பி.டி.எப். செய்யும் வழி சரியில்லையாயின் கொம்பும் அரவும் இடம்மாறிப் பிரதியாகின்றன. நாளை ஓர் ஆய்வு மாணவி நம் ஊர்ப் புலவர் ஒருவரின் பெயரைத் தேடுவாள். அவர் பெயர் பக்கத்தில் இருக்கும்; கணினியோ இல்லையென்று சொல்லும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். நூல்களை இழப்பது இன்னதென்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிற் சேமித்து வருகின்றது. இன்று நாம் உருவாக்கும் கோப்புகளே நாளைய மூலப் பிரதிகள். நீண்டகாலப் பேணலுக்கென்றே பி.டி.எப். ஏ என்னும் நியமம் 2005இல் வகுக்கப்பட்டது. எழுத்துருக்கள் யாவும் கோப்பினுள்ளே இருக்கவேண்டும், கடவுச்சொல்லாற் பூட்டக்கூடாது என்பன அதன் விதிகளுட் சில. அச்சகங்களுக்குரிய பி.டி.எப். எக்ஸ் நியமமும் எழுத்துருக்கள் உள்ளே இருப்பதை வற்புறுத்துகின்றது. மருந்து கையிலேயே இருக்கின்றது. அதன் பெயரட்டைதான் வாசிக்க முடியாதபடி இருக்கின்றது.

கருவியைக் கற்றுக்கொண்டு கையாள வேண்டும், கல்லாதவர் குறைகூறலாகாது என்று சிலர் கூறுவர். ஓரளவு நியாயமே. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அந்நாளில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவர், படக்கட்டை செய்பவர் ஒருவர், சரவை பார்ப்பவர் ஒருவர், பொறியை இயக்குபவர் ஒருவர் என்றிருந்தனர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கிற் பயின்றவர்கள். எழுதுபவன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுச் சரவைக்குக் காத்திருந்தான். இன்று அத்தனை பேருடைய தொழிலும் எழுதுபவன் தலைமேல் வந்திருக்கின்றது; அவர்களுடைய அறிவு மட்டும் உடன் வரவில்லை. அவ்வறிவுக்குப் பதிலாகக் கிடைத்தவை அந்த ஆயத்த அமைப்புகளின் பெயர்களே. ஆதலால் அப்பெயர்கள் உண்மை பேசவேண்டும் என்று கேட்பது சோம்பலன்று, உரிமை.

நான் வேண்டுவன சில. மென்பொருள் செய்வோர், படங்கள் 100 புள்ளிகளாகக் குறையும், அச்சுக்கு உதவாது என்று அமைப்பின் அருகிலேயே எழுதட்டும். மீட்க முடியாத இழப்பு நேருமுன் ஒருமுறை கேட்கட்டும். நம் அச்சகத்தார், தமக்கு வேண்டிய கடதாசி அளவு, பட நுட்பம், எழுத்துரு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுக்கட்டும். பாடசாலைகளிலே தகவல் தொழில்நுட்பம் கற்பிப்போர், கோப்பைத் திறப்பதோடும் மூடுவதோடும் நில்லாது, ஒரே பக்கத்தை நான்கு அமைப்புகளிலும் அச்சிட்டு மாணவர் கையிற் கொடுக்கட்டும். கண்ணாற் கண்ட வேற்றுமையை எவரும் மறவார். மலர் தொகுப்போர், திரையை நம்பாது, முக்கியமான ஒரு பக்கத்தையேனும் கடதாசியில் எடுத்துப் பார்த்த பின் அச்சுக்கு விடட்டும்.

ஸ்கான் செய்த மூலப்படம் நல்வினைப் பயனாக என் கணினியில் இருந்தது. அதிலிருந்து நல்லதொரு படி எடுத்துச் சட்டமிட்டு அந்த மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா இவ்வளவு சின்னப் பிள்ளையாய் இருந்திருக்கிறா, மாமா" என்று சொன்னார். என் மனத்திற் சிறிது பாரம் குறைந்தது. ஆனால் முந்நூறு வீடுகளில் இருக்கும் முந்நூறு மலர்களிலும் அந்த முகம் இன்றும் தேய்ந்தே கிடக்கின்றது.