“டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை”

சில மாதங்களாக நம் சங்க அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “சார், விண்டோஸ் 10 இனி உதவாதாமே? கடையில் கொடுத்து 11 போடச் சொல்லப் போகிறேன். படங்கள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன. ஒன்றும் ஆகாதே?”

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது உண்மைதான். ஆனால் “ஒன்றும் ஆகாது” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எனக்கே ஆகியிருக்கிறது.

என் கம்ப்யூட்டரில் ஒரே அளவுள்ள இரண்டு ஹார்ட் டிஸ்குகள். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் நம் சங்கத்தின் பதினோரு ஆண்டு விழாப் படங்களும், காலஞ்சென்ற என் தாயார் பாடிய பாட்டுகளும். புதிதாக விண்டோஸ் போடும்போது வரும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இருப்பதில்லை. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் இருக்கும். 0 என்றால் சி தான் என்று நானே முடிவு செய்து அழித்தேன். கேபிள்கள் மாறிச் செருகப்பட்டிருந்தன. மீட்டுத் தரும் கடையில் பாதிப் படங்கள் கிடைத்தன. பாட்டுகள் கிடைக்கவில்லை.

ரயில்வேயில் இருப்புப்பாதையைப் பராமரித்தவன் நான். பிளாக் வாங்காமல் தண்டவாளத்தில் கை வைக்க மாட்டோம். பாயிண்டை கிளாம்ப் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேலை. “இந்த நேரத்தில் வண்டி வராது, எனக்குத் தெரியும்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வீட்டில் நான் செய்தது அந்தத் தவறைத்தான்.

ஆகவே என் கருத்து இது: டிஸ்கைக் கழற்றாமல் விண்டோஸைப் புதிதாகப் போடக் கூடாது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டேட்டா டிஸ்கின் கேபிளை உருவிவிட்டால், கை தவறினாலும் அழிக்க அங்கே ஒன்றும் இராது. இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு டிஸ்குகள் இருந்தால், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதியை விண்டோஸ் சில சமயம் மற்ற டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு அந்த டிஸ்கைக் கழற்றினால் கம்ப்யூட்டரே எழும்பாது.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. பலருடைய டி டிரைவ் தனி டிஸ்கே அல்ல. ஒரே டிஸ்கில் கிழித்த கோடுதான். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் தெரிந்துவிடும். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் வைப்பவை, நாம் மாற்றாத வரை, சி-யில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

“நான் அழித்துப் போடவில்லை, மேலேயே அப்கிரேடு செய்கிறேன்” என்பார்கள் சிலர். அதில் ஃபைல்கள் அப்படியே இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும். ஆனால் 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பை நினைத்துப் பாருங்கள். டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்த சிலருக்கு, பழைய இடத்தில் மிஞ்சியிருந்த ஃபைல்களை அது அழித்தது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டார்கள். போன ஃபைல்கள் போனவைதான்.

இரண்டாவது டிஸ்க் என்பது இன்னொரு அறை. இன்னொரு பிரதி ஆகாது. அறை மாற்றி வைத்த பொருளும் ஒன்றே ஒன்றுதான். வெளியே ஒரு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றிரண்டு ஃபைல்களைத் திறந்து பார்த்து, அதை வேறொரு வீட்டில் வைத்த பிறகே கம்ப்யூட்டரைக் கடைக்கு அனுப்புங்கள். கடைக்காரப் பையனைக் குறை சொல்வதில் பயனில்லை. அவனுக்கு அது காலி செய்ய வேண்டிய ஒரு டிஸ்க். உள்ளே யாருடைய குரல் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மிஞ்சிய விழாப் படங்களை இப்போது இரண்டு டிஸ்குகளில் வைத்திருக்கிறேன். ஒன்று செயலாளர் வீட்டில் இருக்கிறது. அந்தப் பதினோரு ஆண்டுப் படங்கள் எவரிடமாவது இருந்தால், ஒரு நகல் தந்து உதவுங்கள். என் தாயாரின் பாட்டுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.