சண்டித்தனமா, வலியா?

பாபநாசம் அணைத் தண்ணீர் வந்து கார் பருவத் தொழி உழவு தொடங்கியதும், கோடையில் ஓய்ந்திருந்த சில காளைகள் நுகத்தடியைக் கண்டாலே பின்வாங்கும். பாதி வயலில் படுத்துக்கொள்ளும். உடனே 'சண்டி மாடு' என்று தார்க்குச்சியை எடுக்காதீர்கள். போன பருவத்தில் ஒழுங்காக உழுத மாடு இப்போது மறுத்தால், முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நுகத்தடியை இறக்கி, மாட்டை நடக்கவிட்டுப் பாருங்கள். நொண்டினால் குளம்பையும் லாட ஆணியையும் கவனியுங்கள். நன்றாக நடந்தும், கழுத்தை அழுத்தும்போது விலகினால், அங்கே சூடோ வீக்கமோ இருந்தால், அது நுகத்தடிப் புண்ணின் தொடக்கம். ஈரக் கழுத்தில் மரம் உரசினால் புண் சீக்கிரம் வரும். ஆறும்வரை ஏர் பூட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முள் வைத்த தார்க்குச்சியை 1965ஆம் ஆண்டின் இழுவை விலங்கு விதிகளே தடுக்கின்றன. அடித்து ஓட்டினால் ஒரு நாள் உழவு நடக்கும். புண் பெருத்தால் பருவமே போய்விடும்.