ஆழ்கடல் பாலையன்று

தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பளிப்பது மனிதனின் பழைய வழக்கம். 1843ஆம் ஆண்டில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் இயற்கையறிஞர், 300 பாக ஆழத்திற்குக் கீழே கடலில் உயிர்கள் இரா என்று கருத்துரைத்தார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் உலவிய சேலஞ்சர் கப்பலின் ஆய்வாளர்கள், அதனினும் பன்மடங்கு ஆழத்திலிருந்து உயிர்களை அள்ளி வந்தனர். அக்கருத்து மாண்டது, அது விட்டுச்சென்ற எண்ணமோ மாளவில்லை. ஆழ்கடல் வெறும் பாலைவனமே என்று இன்றும் கூறுவோர் உளர். அவர் யாவர்? அங்குள்ள கனிமத்தை அள்ள விரும்புவோர்!

அவாயித் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே, பசிபிக் கடலின் அடியில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், உருளைக்கிழங்கு போன்ற கனிமக் கட்டிகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு, செம்பு ஆகியவை அவற்றில் உண்டு. ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளரப் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகும். சேறு படிந்த அவ்வெளியில் கடற்பஞ்சுகள் பற்றி நிற்பதற்கு அக்கட்டிகளே கல். பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில், இத்தகைய கட்டியின்மேல் நின்ற கடற்பஞ்சின் காம்பிலே எட்டுக்கால் கணவாய் முட்டையிட்டு அடைகாத்ததை ஆய்வாளர் கண்டு, 2016இல் வெளியிட்டனர். கல்லை அள்ளினால் தொட்டிலும் போகும்.

அள்ளிய இடம் ஆறிவிடும் என்பதும் வெறுஞ்சொல்லே. அதே பெருக் கடலடியை 1989இல் செருமானிய அறிஞர்கள் சோதனைக்காக உழுதனர். 26 ஆண்டுகள் கழித்து, 2015இல் சென்று பார்த்தபோதும் உழுசால்கள் அழியாதிருந்தன.

மின்வண்டிகளுக்கு இவ்வுலோகங்கள் வேண்டும் என்பர். மின்வண்டி வேண்டும் என்பது மெய். அதற்கு ஆழ்கடலைத் தோண்டியே தீரவேண்டும் என்பது மெய்யன்று. நிக்கலும் கோபால்ட்டும் இன்றி, இரும்பும் பாசுபேட்டும் கொண்டு செய்த மின்கலங்களால் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன.

சிங்கப்பூரின் டாமி கோ தலைமையேற்ற மாநாடு 1982இல் வகுத்த கடற்சட்டம், நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடியை மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்றது. அதே சிங்கப்பூரின் ஆதரவில் ஒரு நிறுவனம் 2015இல் கடலடி ஆய்வுரிமை பெற்றது. ஆய்தல் குற்றமன்று; அறியுமுன் அள்ளுதலே குற்றம்.

பாலை தனிநிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வளந்திரிந்து கொள்ளும் வடிவம் என்பது இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் காட்டிய உண்மை. அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். அந்நிலங்களைத் திரித்தது வேனில். ஆழ்கடலுக்கு வேனில் இல்லை. அது பாலையாகுமாயின், ஆக்கியவன் மனிதனே.