கிருஷ்ணபட்டணம் கூட்டம்: வெறும் மூடநம்பிக்கையா?

2021 மே 10. திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 கொரோனா நோயாளிகள் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதமானதுதான் காரணம் என்றார்கள் அதிகாரிகள்.

மே 21. வரதய்யபாளையத்துக்கு வடக்கே, நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணபட்டணத்தில் ஆனந்தய்யா இலவசமாகக் கொடுத்த மூலிகை மருந்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. படுக்கையே கிடைக்காதவரிடம் போய் 'ஏன் ஆஸ்பத்திரியை விட்டுட்டு இதைத் தேர்ந்தெடுத்தீங்க?' என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறதா?

சாதாரண நாட்களில் நிலைமை வேறு. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், சிகிச்சை எடுத்த நோய்களில் சுமார் 95 சதவீதத்துக்கு மக்கள் போனது அலோபதிக்குத்தான். ஆனால் 2022-23 ஆய்வில், முந்தைய ஓராண்டில் ஆயுஷ் முறைகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் கிராமங்களில் சுமார் 46, நகரங்களில் 53 சதவீதம். முரண்பாடு மாதிரி தெரியும், இல்லை. இரண்டாவது கேள்வியில் நோய்த்தடுப்பும் அடக்கம். அதாவது பெரும்பாலானோர் அதுக்குப் பதிலா இதை எடுக்கவில்லை. அதோடு சேர்த்து எடுக்கிறார்கள். நம்ம வீடுகளில் கபசுரக் குடிநீரும் தடுப்பூசியும் ஒன்றாகப் போன கதைதான். (நகரம் முந்துவதையும் கவனிக்கவும்.)

மே 31-ல் ஆந்திர அரசு, கண் சொட்டு மருந்தைத் தவிர்த்து, விநியோகத்துக்கு அனுமதி தந்தது. கொரோனாவைக் குறைக்கும் என்பதற்குத் தரவு இல்லை, டாக்டர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னது. ஆபத்து அந்த லேகியத்தைவிட, 'இதுவே போதும்' என்று ஆக்சிஜன் அளவைக்கூடப் பார்க்காமல் வீட்டில் கழியும் அந்த ரெண்டு மூணு நாளில்தான் இருந்தது.