அப்பா எறிந்த பறையும் குணசேகரன் எழுதிய ‘வடு’வும்



போன மாதம் கள்ளக்குறிச்சியில் எங்கள் படிப்பு வட்டம் கூடியது. எடுத்துக்கொண்ட புத்தகம் கே.ஏ.குணசேகரனின் ‘வடு’. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே படித்துவிட்டு வந்திருந்தார்கள். எந்தப் பக்கத்தில் என்ன தீண்டாமை நடக்கிறது என்று குறிப்பெடுத்து வைத்திருந்தார்கள். ஒரு சட்டக் கல்லூரி மாணவர், இது இன்று நடந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம் என்பதுவரை யோசித்திருந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட ‘பாட்டு’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு பாடகர் எழுதிய தன்வரலாறு அது தோழர்களே! அதை நாம் புகார் மனுவைப் படிப்பது போலப் படித்து முடித்துவிட்டோம்.

குணசேகரன் 1955இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தையில் பிறந்தவர். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்த குரல் அவருடையது. நாட்டார் பாடல்களைச் சேகரித்தார், ஆராய்ந்தார், மேடையில் பாடினார். ‘பலி ஆடுகள்’ நாடகத்தை எழுதினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியர், பிறகு உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். ‘வடு’ 2005இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்று அதைச் சொல்வார்கள். 1939இலேயே இரட்டைமலை சீனிவாசன் தன் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தை வெளியிட்டுவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னோர் செய்ததை நாமே மறந்துவிட்டு, எல்லாம் நேற்றுத்தான் தொடங்கியது என்று பேசும் பழக்கம் நமக்கு உண்டு.

2016 ஜனவரி 17 அன்று குணசேகரன் மறைந்தார். அதே நாளில்தான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவையும் இழந்தோம். ரோஹித்துக்கு ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் போடுகிறோம், போடத்தான் வேண்டும். அன்றே போன பாடகர் நம் நினைவிலிருந்து நழுவிவிட்டார்.

இந்தப் புத்தகத்தில் நான் என்ன தேடினேன் என்று சொல்கிறேன். அதற்கு என் வீட்டுக் கதையை இழுக்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா பறை அடித்தவர். எங்கள் பக்கம் ‘மோளம்’ என்றுதான் சொல்வோம். ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். காய்ச்சலோ, அறுவடையோ, சொந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதோ, போயே ஆக வேண்டும். கூலி என்று கையில் வருவது கொஞ்சம் பணம், கொஞ்சம் நெல், அப்புறம் சாராயம். அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்தில், 1991 வாக்கில், எங்கள் காலனி இளைஞர்கள் கூடி இனி சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்பாவும் அதில் ஒருவர். மறுநாள் தன் பறையை ஏரிக்கரையில் வீசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஊரார் வேலை கொடுக்கவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். இருபது வருஷம் சித்தாள், பிறகு கொத்தனார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு பயிற்சி முகாமில் பறை கற்றுக்கொண்டேன். ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. அம்மாதான் என்னிடம் வந்து, “அத்த வெளிய வெச்சிட்டு வாடா” என்றார்.

நம்மில் பலர் வீட்டில் இந்தக் கதை இருக்கும். ஒரு தலைமுறை எறிந்ததை அடுத்த தலைமுறை எடுத்துத் தோளில் மாட்டுகிறது. எறிந்ததும் விடுதலைக்காகத்தான், எடுத்ததும் விடுதலைக்காகத்தான். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாமெல்லாம் கொண்டாடினோம். அப்பாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கட்டும்” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எந்த அரசியல் வகுப்பும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

‘வடு’தான் கொஞ்சம் சொல்லித்தந்தது. இளையான்குடி முஸ்லிம்கள் நடுவில் புழங்கும்போது ஒரு மாதிரியும், சொந்தக் கிராமத்துக்குப் போனால் வேறு மாதிரியும் நடத்தப்பட்ட பையன் அவர். பள்ளிக்கூடம், விடுதி, பயணம் என்று போகுமிடமெல்லாம் சாதி கேட்கப்படுகிறது. இதற்கு நடுவில் அந்தப் பையன் பாடிக்கொண்டே இருக்கிறான். பாட்டு அவனுக்குப் பரிசும் பெயரும் வாங்கித் தருகிறது. அடிபட்ட அதே உடம்புதான் பாடுகிறது. அவமானத்தையும் சந்தோஷத்தையும் அவர் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. நாம்தான் ஒரு பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம்.

சில தோழர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரசனை எல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு, நமக்குப் போராட்டம் இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பாவிடமிருந்து பிடுங்கப்பட்டது கூலி மட்டும்தானா? தான் வாசிப்பதைத் தானே ரசிக்கும் உரிமையும் போனது. எப்போது அடிக்க வேண்டும், யாருக்கு அடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஊர் சொன்னது. அவர் கை எவ்வளவு நல்ல கை என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, நம் ஊர்க்காரணம். வெளியூரில் கள்ளக்குறிச்சி என்று சொல்லிப்பாருங்கள். எதிரே இருப்பவர் கேட்பது கருணாபுரத்தைத்தான். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் நம் மக்கள், கூலிக்காரர்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்ததை நாடே பார்த்தது. பெயர், வயது, 10 லட்சம் ரூபாய் நிவாரணம், அத்தோடு செய்தி முடிந்தது. அவர்களில் யார் நன்றாகப் பாடுவார், கூத்தில் யார் வேஷம் கட்டியவர், யார் கை மேளத்தில் பேசும் என்று ஒரு வரி வந்ததா? குடித்துச் செத்தவன் என்ற ஒரு சொல்லுக்குள் முழு மனுஷனையும் அடைத்தார்கள். கல்வராயன் மலைக்கும் இதே கதிதான். மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள்) செய்தியில் வருவது சாராய ரெய்டு நடக்கும்போது மட்டும். வெள்ளிமலைப் பக்கத்துத் தோழர் ஒருவர் தன் பாட்டி நடவுக்கும் சாவுக்கும் தனித்தனியாகப் பாடுவார் என்று சொன்னார். அதை யார் எழுதியிருக்கிறார்கள்?

எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு டி.எம்.கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ உதாரணம். மிருதங்கம் செய்கிறவர்கள், அதிலும் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள், அவர்கள் கை வேலை, மாட்டுத் தோல் பற்றிய புத்தகம். 2020இல் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோலைத் தட்டிக் கேட்கலாம், அதை உரித்தவன் பெயரை மட்டும் அரங்கில் சொல்லக்கூடாது போலிருக்கிறது. நல்ல புத்தகம், கட்டாயம் படியுங்கள். ஆனாலும் அது தொழிலாளியைப் பற்றி இன்னொருவர் எழுதியது. ‘வடு’ தானே எழுதியது. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

இளையராஜாவின் ‘பால் நிலாப் பாதை’யையும் இந்த வரிசையில் படிக்கலாம். அவரை நம் மேடைக்கு இழுக்க நான் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது. அவரை அப்படியே விட்டுவிட்டு, அவர் சொன்ன ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மகன்களைச் சென்னைக்கு அனுப்ப அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றார். பாட்டு கேட்கும் பெட்டியை விற்றுப் பாட்டு போட அனுப்பிய அம்மா! இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பா பெங்களூரிலிருந்து தோளில் தூக்கிவந்த டேப்ரிக்கார்டர் ஞாபகம் வந்துவிடும். ராத்திரியில் வாசலில் கட்டிலைப் போட்டு ராஜா பாட்டு கேட்பார். பாட்டுக்குள் தோல் கருவி வரும் இடத்தில் அவர் விரல் கட்டில் சட்டத்தில் தானாக விழும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை மடக்கிக்கொள்வார்.

படிப்பு வட்டம் முடிந்த வாரம் ‘வடு’வை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். சாதிக் கொடுமை வரும் இடங்களில் அவருக்கு ஆர்வமே இல்லை. “இது நமக்குத் தெரியாததா, மேல படி” என்பார். பாட்டு வரும் இடத்தில் நிறுத்தச் சொல்வார். “இது இன்னா மெட்டுல பாடுனாரு?” என்பார். எனக்குத் தெரியவில்லை. யூடியூபில் குணசேகரன் பாடியதைத் தேடிப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டார்.

அப்புறம் ஒருநாள் அவராகவே, நான் முகாமில் கற்ற ஓர் அடியைப் போட்டுக் காட்டச் சொன்னார். அட்டைப் பெட்டி மேல் அடித்துக் காட்டினேன். “இது சாவுக்குப் போற வழியில அடிக்கிறது. நீ கல்யாண வேகத்துல அடிக்கிற” என்றார். அடியைத் திருத்தினார். குச்சியைத் தொடவில்லை, வாயாலேயே சொல்லித் திருத்தினார்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். யாரிடம் கற்றார், பறையைக் காய்ச்ச எந்த வைக்கோல் நல்லது, கூட அடித்தவர்கள் யார் யார், எந்தச் சாவுக்கு மனசார அடித்தார் என்று இதுவரை பதினெட்டுப் பக்கம். ஏரிக்கரையில் எறிந்த நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு வெள்ளிமலைத் தோழர் வீட்டுக்குப் போகிறோம், பாட்டியைக் கேட்க. மேலே டவர் கிடைக்காது, போனில் பதிவு செய்ய சார்ஜ் மட்டும் இருந்தால் போதும். வர விரும்புகிறவர்கள் காலை முதல் பஸ்ஸுக்கே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.