பந்தைக் கூடையில் போட்டால் மட்டும் போதுமா? அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளர்கள் தேடுவது யாரை?

லாஸ் வேகஸ் நகரில் பள்ளி வயது ஆட்டக்காரர்களுக்கான கூடைப்பந்து ஆட்டம். ஒல்லியான பையன் ஒருவருக்கு அன்று எதுவுமே சரியாக அமையவில்லை. பந்தைப் பார்வையாளர்கள் பக்கம் வீசினார். தட்டிக்கொண்டு ஓடும்போது பந்து சொந்தக் காலிலேயே பட்டு வெளியே போனது. கூடையை நோக்கி எறிந்த பந்துகளும் தவறின.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் டேவிட்சன் கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் பாப் மெக்கிலப். 'இவர் வேண்டாம்'னு முடிவு செஞ்சிருப்பார்னு நினைக்கிறீங்களா?

இல்லை. அவர் கவனித்ததே வேறு. அந்தப் பையன் நடுவரைக் குறை சொல்லவில்லை. சக ஆட்டக்காரர் மீது பழி போடவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தபோதும் அணியை உற்சாகப்படுத்தினார். பயிற்றுவிப்பாளர் பேசினால் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

அந்தப் பையன்தான் ஸ்டீஃபன் கரி. உடல்வாகு போதாது என்று பெரிய கல்லூரிகள் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2008-இல் டேவிட்சன், தேசியப் போட்டியின் கடைசி 8 அணிகளுள் ஒன்றானது. அதற்கு முக்கியக் காரணம் அவர்தான்.

அப்படியென்றால் பயிற்றுவிப்பாளர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

1. அணிக்கு யார் தேவை?

உயரம், வேகம், பந்தெறியும் திறன், தற்காப்பு எல்லாம் முக்கியம். ஆனால் முதல் கேள்வி, "எங்கள் அணியில் எந்த இடம் காலியாகப் போகிறது?" என்பதுதான். நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும், உங்கள் இடத்தில் ஏற்கெனவே 3 பேர் இருந்தால் அழைப்பு வராமல் போகலாம். அது உங்கள் தவறில்லை.

2. படிப்பு எப்படி?

கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்வையிடும் அமைப்பு என்சிஏஏ. அதன் முதல் பிரிவில் முதலாண்டிலேயே களமிறங்க, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரிப் புள்ளி தேவை. மதிப்பெண் சரிந்தால் ஆட்டத்தில் இறங்க முடியாது. அத்தகைய மாணவரைத் தேர்ந்தெடுக்கப் பயிற்றுவிப்பாளர் தயங்குவார்.

3. ஆடாதபோது எப்படி நடந்துகொள்கிறீர்கள்?

கனெடிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 12 முறை தேசிய வெற்றியாளராக்கியவர் ஜீனோ ஆரியெம்மா. ஆட்டக் காணொளியைப் பார்க்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பவர்களையும் கவனிப்பதாக அவர் கூறியிருக்கிறார். சக வீராங்கனை புள்ளி எடுக்கும்போது கண்டுகொள்ளாமல் இருப்பவருக்கு அவர் அணியில் வாய்ப்பு கிடைப்பது கடினம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

இங்கேதான் சிக்கல். 2024-இல் விதி தளர்ந்தது. படிப்பில் தகுதி இருந்தால், மாணவர்கள் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் ஓராண்டு காத்திருக்காமல் உடனே விளையாடலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் இணக்கம், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்க வழிவிட்டது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 20.5 மில்லியன் டாலர். அதில் சேரும் கல்லூரிகளின் கூடைப்பந்து அணியில் 15 பேருக்கு மேல் இருக்க முடியாது.

பயிற்றுவிப்பாளர் இடத்தில் நின்று யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம், இனிமேல்தான் வளர வேண்டிய 18 வயது மாணவர். மறுபக்கம், வேறு கல்லூரியில் 3 ஆண்டு ஆடிப் பழகிய 21 வயது இளைஞர். இந்த ஆண்டே வெல்ல வேண்டும் என்றால் யாரை எடுப்பீங்க?

அதனால் பள்ளியிலிருந்து நேரடியாக வருபவர்களுக்கு வாசல் குறுகுகிறது. சிறிய கல்லூரிகளுக்கும் இழப்பு உண்டு. கரி டேவிட்சனில் 3 ஆண்டு ஆடினார். இன்றாக இருந்தால், 2008-இல் அவர் ஜொலித்த மறுவாரமே பெரிய கல்லூரிகள் பணத்தோடு வந்து நின்றிருக்கும்.

இங்கிருந்து போக நினைக்கிறீர்களா?

மூன்றை மனத்தில் வையுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வேலை செய்யக் கட்டுப்பாடுகள் உள்ளன. எனவே அமெரிக்க மாணவர்களைப்போல் எளிதில் பணம் ஈட்ட முடியாது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை. கையெழுத்திடும் முன், உபகாரச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு, அந்தப் பயிற்றுவிப்பாளர் விலகினால் என்னவாகும் என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்து ஆடும் மாணவர்களில் 100-க்குச் சுமார் ஒருவர்தான் முதல் பிரிவை எட்டுகிறார். எட்டினாலும் எட்டாவிட்டாலும் கடைசிவரை கூட வருவது பட்டம்தான். பயிற்றுவிப்பாளர் உங்களைத் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும். பந்தே இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரியில் படிப்பீங்களா? அதை முதலில் உங்களிடமே கேட்டுப் பாருங்க.