கல்லின் வயதை மண்தான் சொல்லும்

குரலைக் கேட்டே நேயரின் வயதை ஓரளவு ஊகித்துவிடலாம். வானொலி அறிவிப்பாளர்களுக்கு அது பழகிப்போன வேலை. கல்லுக்கு அந்த வசதி இல்லை. ஜார்ஜ்டவுன் பழம்பொருள் கடையில் ஒரு பளிங்குச் சிலையைக் காட்டி, "முந்நூறு வருஷத்துச் சிலை" என்று ஒருவர் சொன்னால், எதை வைத்து நம்புவது?

"கார்பன் சோதனை செய்தால் தெரிந்துவிடுமே" என்பீர்கள். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் பொருந்தும்: எலும்பு, கரி, சிப்பி. செபராங் பிறையில் குவார் கெப்பாவில் 2017இல் கிடைத்த எலும்புக்கூடு 5,000 ஆண்டுக்கும் பழையது என்று அப்படித்தான் கணித்தார்கள். பளிங்கோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. கல்லை ஆராய்ந்தால் மலையின் வயது கிடைக்கலாம். உளி பட்ட நாள் கிடைக்காது.

அதனால் ஆய்வாளர்கள் கல்லின் 'தோலை'ப் பார்க்கிறார்கள். செதுக்கிய பிறகு மேற்பரப்பு மெல்ல மாறும். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 1985இல் வாங்கிய கிரேக்க இளைஞன் சிலை இதற்குப் பெயர்போன உதாரணம். டாலமைட் பளிங்கின் மேல் கால்சைட் படலம் இருந்தது. அது உருவாகப் பல நூற்றாண்டு ஆகும் என்றார்கள். பிறகு, அத்தகைய மாற்றத்தை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைக்கலாம் என்று தெரிந்தது. சிலையோடு வந்த 1952ஆம் ஆண்டுக் கடிதத்திலோ, 1972இல்தான் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீடு! பெயர்ப்பலகையில் "கி.மு. 530 அளவில், அல்லது நவீனப் போலி" என்றே எழுதி வைத்தார்கள். 2018இல் சிலை காட்சியிலிருந்தே அகற்றப்பட்டது.

அது எந்த மண்ணில் கிடந்தது என்று தெரியாததே சிக்கலுக்கு வேர். மண்ணிலிருந்து முறையாகத் தோண்டியெடுத்திருந்தால் பக்கத்தில் கிடந்த கரியும் பானை ஓடும் சாட்சி சொல்லியிருக்கும்.

பளிங்கு இல்லாவிட்டாலும், நம் பக்கத்துக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கும் இதே பாடம்தான். அங்கே சுங்கை பத்துவில் கரிக்குக் கார்பன் சோதனை செய்தார்கள். செங்கல்லுக்கு ஒளிர்வுச் சோதனை. செங்கல் சூளையில் வெந்து எவ்வளவு காலமாயிற்று என்று அது கணக்கிடும். ஆனால் 2013இல், அதே பள்ளத்தாக்கில், சண்டி 11 என்ற பழங்கோயிலின் எச்சம் வீடமைப்புத் திட்டத்துக்காக இடித்துத் தள்ளப்பட்டது. இனி அங்கே எந்தக் கருவியைக் கொண்டுபோய் எதை அளப்பது?

தோட்டத்திலோ வீடு கட்டும் மண்ணிலோ பழைய சிலை தட்டுப்பட்டால், கழுவித் துடைத்துச் சாமி மேடையில் வைக்கத்தான் மனம் துடிக்கும். வேண்டாம். கிடந்தபடியே படம் எடுங்கள். மாவட்ட அதிகாரியிடம் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டமும் தெரிவிக்கத்தான் சொல்கிறது. அழுக்கு என்று நாம் கழுவிவிடும் மண், பல நேரம் அந்தச் சிலையின் பிறப்புப் பத்திரம்.